ஹம்தாவை நடந்தும் குன்ஸுமை பைக்கிலும் தாண்டினோம்: மணாலிக் கடை ஒன்றின் ஏற்பாடு எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த காசு வீணில்லை. குறைகள் இருக்கின்றன, அவற்றுக்கு வருகிறேன்.

மணாலியில் பைக் வாடகைக்கு விடுகிற கடையும் மலைநடைக்குக் கூட்டிப்போகிற கடையும் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகச் செய்து தருகிறவர்கள் குறைவு. நாங்கள் பிடித்தது அப்படி ஒரு கடை. ஏற்பாடு இதுதான்: ஹம்தா கணவாயை நடந்து தாண்டி லாஹௌல் பள்ளத்தாக்குப் பக்கம் சத்ரூவில் இறங்கினால் அங்கே நமக்கான பைக் நிற்கும், அதில் ஏறிச் சந்திரதால் ஏரி, குன்ஸும் கணவாய், லோசர் கிராமம் வழியாக ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் காஸா வரை போய்விட்டுத் திரும்ப மணாலிக்கே வந்து வண்டியை ஒப்படைக்க வேண்டும். நடக்கும்போது ஹெல்மெட்டையும் முழங்கால் கார்டையும் சுமக்க வேண்டியதில்லை, அவை பைக்கோடு வந்துவிடும். பைக்கில் போகும்போது டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் நடைக்குழுவோடு திரும்பிவிடும்.

கடையின் பெயரைப் போடவில்லை. கடைக்காரரே வேண்டாம் என்றார், வண்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்கள் இரண்டே பேர், கூட்டம் சேர்ந்தால் தாங்காது என்கிறார். நியாயம்தான். பழைய மணாலியில் பாலத்தைத் தாண்டி மேலே ஏறுகிற சாலையில் விசாரித்தால் கேட்டதைச் சேர்த்துச் செய்து தருகிறவர்கள் கிடைப்பார்கள். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும், அதனால் அதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கடையில் எனக்கு முதலில் பிடித்தது அவர் "முடியாது" என்று சொன்ன விதம். எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் கொண்ட ஒரு குழு நின்றது. டெல்லியிலிருந்து ராத்திரி வால்வோவில் வந்து அப்போதுதான் இறங்கியிருக்கிறார்கள், அன்றைக்கே பைக் எடுத்துச் சந்திரதால் போய் ராத்திரி அங்கே தங்கவேண்டும் என்கிறார்கள். கையில் பணம், எல்லோரிடமும் லைசென்ஸ். கடைக்காரர் டீயை வைத்துவிட்டு, "இன்றைக்குத் தரமாட்டேன், இரண்டு நாள் கழித்து வாருங்கள், அதே விலைக்குத் தருகிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள், அங்கே கிடைத்திருக்கும்.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. மணாலி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,050 மீட்டர். சந்திரதால் 4,250 மீட்டரைத் தாண்டிய உயரம். முன்பெல்லாம் நடுவில் ரோஹ்தாங் கணவாயை ஏறி இறங்குவதற்கே பாதி நாள் போய்விடும். 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்த பிறகு மலைக்கு அடியில் 9.02 கிலோமீட்டரைக் கால் மணி நேரத்துக்குள் தாண்டிவிடலாம், அதனால் காலையில் மணாலியில் ஆலு பரோட்டா சாப்பிட்டவர் சாயங்காலம் சந்திரதாலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இப்போது சர்வசாதாரணம். 3,000 மீட்டருக்கு மேல் போனால் ராத்திரி படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி அங்கேயே படுத்தால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் வரும், சிலருக்கு அது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிற அளவுக்கும் போகும்.

இப்போது நடந்து போகிற வழியைப் பாருங்கள். முதல் ராத்திரி சிக்காவில் சுமார் 3,100 மீட்டர், அடுத்தது பாலு கா கேராவில் 3,600, மூன்றாவது கணவாய்க்கு அந்தப் பக்கம் சியாகோருவில் 3,900, அப்புறம் சத்ரூவில் 3,350-க்கு இறக்கம். நடுவில் பகலில் 4,270 மீட்டர் கணவாயைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறோம். இதற்குப் பிறகு சந்திரதாலில் படுத்தால் உடம்பு முரண்டு பிடிப்பதில்லை. இந்த ஏற்பாட்டில் நான் பெரிதாக மதிப்பது இந்த வரிசையைத்தான். பல கடைகள் இதைத் தலைகீழாக விற்கின்றன, முதலில் பைக் சுற்று, கடைசியில் "விருப்பமிருந்தால் நடை". அதை வாங்காதீர்கள். நடந்துவிட்டு பைக்கில் ஏறினால் இரண்டுமே நன்றாக இருக்கும். முதலில் பைக்கில் போனால் அந்தப் பயணத்தில் பாதி தலைவலியில் போய்விடும், நடை வருகிறபோது ஆள் களைத்துப் போயிருப்பார்.

விலையைப் பொறுத்தவரை, நான் போன சமயத்தில் ஹம்தா நடை மட்டும் என்றால் மணாலியில் தலைக்கு 8,000 முதல் 12,000 ரூபாய்வரை கேட்டார்கள், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டி நாளுக்கு 1,500 முதல் 2,000 வரை. எங்கள் கடை இரண்டையும் கூட்டி, சத்ரூவில் வண்டி கொண்டுவந்து தருவதற்குத் தனியாகக் கொஞ்சம் போட்டது. நடைக்குழுவை ஏற்றிப்போக வருகிற ஜீப்பிலேயே பைக் கொண்டுவந்த பையன் திரும்பிவிடுகிறான், அதனால் அவர்களுக்குச் செலவு கம்மி, நமக்கும் தலையில் கட்டவில்லை. கெட்டிக்காரத்தனமான யோசனை.

வண்டி தருவதற்கு முன்னால் கடைக்காரர் பரீட்சை வைத்தார். "மலையில் ஓட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டதும் என் நண்பன், சேலத்துக்காரன், கொல்லிமலையின் 70 கொண்டைஊசி வளைவுகளையும் விரல்விட்டு எண்ணிக் காட்டாத குறையாக விவரித்தான். அவர் கொல்லிமலையைக் கேள்விப்பட்டதே இல்லை. "சரி, பின்னால் ஆளை உட்கார வைத்துக்கொண்டு இந்த ஏற்றத்தில் நடுவழியில் நிறுத்தி, வண்டி பின்வாங்காமல் எடுத்துக் காட்டுங்கள்" என்றார். பழைய மணாலியில் அந்தச் சரிவில், ஒரு பக்கம் டாக்சி, ஒரு பக்கம் மாடு, நடுவில் இவன். கிளட்சைத் தேய்க்காமல் எடுத்துவிட்டான். பிறகுதான் சாவி. எல்லாக் கடையும் இப்படிச் செய்தால் கிளட்ச் பிளேட் கருகிய தகராறுகள் பாதியாகக் குறையும். வாடகை பைக்கில் பெரிய சண்டை வருவது அதில்தான், தெரியாதவர்கள் ஏற்றத்தில் பாதி கிளட்சிலேயே ஓட்டுவார்கள், திரும்பிவந்து ஒப்படைக்கும்போது கடைக்காரர் நீட்டுகிற தொகையில் கண் இருட்டிவிடும்.

சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. கிளட்ச் லீவர் உடைந்தால் இவ்வளவு, இண்டிகேட்டர் இவ்வளவு, கண்ணாடி இவ்வளவு, ரிம் வளைந்தால் இவ்வளவு. ஒவ்வொன்றிலும் கையெழுத்து வாங்கினார். ஏற்கெனவே இருந்த கீறல்களை எங்கள் போனிலும் அவர் போனிலும் வீடியோ எடுக்கச் சொன்னார். எனக்கு இன்னும் பிடித்தது உதிரிப்பாகப் பெட்டி. கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், லீவர், பிளக், ஃபியூஸ், முன்பின் இரண்டு ட்யூப், பஞ்சர் சாமான், எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வாயைப் பழுப்பு டேப்பால் ஒட்டி அதன்மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டார். டேப் பிரியாமல் திரும்பி வந்தால் ஒரு பைசா வேண்டாம், பிரிந்திருந்தால் எடுத்த சாமானுக்கு மட்டும் விலை. அதோடு நிற்காமல், பின் சக்கரத்தைக் கழற்றி ட்யூப் மாற்றுவது எப்படி என்று அரை மணி நேரம் உட்கார வைத்துக் காட்டினார். நண்பனுக்குப் பொறுமை இல்லை. "மச்சி, நமக்கு எதுக்குடா இதெல்லாம்" என்றான். சத்ரூவுக்கு அப்பால் சோட்டா தாரா என்ற இடத்தைத் தாண்டியதும் பின் டயரில் ஆணி ஏறியபோது அவன்தான் முதலில் ஸ்பானரை எடுத்தான்.

வண்டி பழைய ஹிமாலயன், 411 சிசி. நம்ம ஊர்ச் சரக்குதான், ராயல் என்ஃபீல்டின் தொழிற்சாலைகள் திருவொற்றியூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று சென்னையைச் சுற்றியே இருக்கின்றன. புதிய 452 சிசி வண்டியும் கடையில் இருந்தது, 40 குதிரைத்திறன், வாடகையும் கூட. அவர் பழையதையே எடுங்கள் என்றார், சத்ரூவைத் தாண்டி வருகிற பத்தல் சாலையில் எப்படியும் முதல் இரண்டு கியருக்கு மேல் போகப் போவதில்லையாம். முன் சக்கரம் 21 அங்குலம், அது பெரிய கல்லில் ஏறி இறங்கும்போது கைக்குத் தெரிகிறது, சின்னச் சக்கர வண்டிகளைப்போலக் குழிக்குள் மூக்கை நுழைத்துக்கொள்வதில்லை. எடை 199 கிலோ, விழுந்தால் தூக்க இரண்டு பேர் வேண்டும், அந்த உயரத்தில் தூக்கியபிறகு ஐந்து நிமிடம் மூச்சு வாங்க வேண்டும்.

இன்ஜினுக்கும் அதே கதைதான். குன்ஸும் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட 58 சதவீதம். 24 குதிரைத்திறன் வண்டி அங்கே 14 சொச்சம்தான் தரும், எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் இதே கணக்குதான். இருவர் ஏறி மூட்டையும் கட்டினால் ஏற்றத்தில் முனகும். பழைய கார்புரேட்டர் வண்டிகள் கரும்புகை விட்டுத் திணறும், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் என்பதால் இது அப்படிச் செய்யவில்லை. எனவே ஒன்று ஆளுக்கு ஒரு வண்டி எடுங்கள், இல்லை மூட்டையைக் குறையுங்கள்.

சரி, நடைக்கு வருவோம். பிரினி கிராமத்திலிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறுகிற சாலையில் ஜோப்ரா வரை ஜீப். பிரினியில் வாஜ்பாய்க்கு ஒரு வீடு இருந்தது, டிரைவர்கள் தவறாமல் கை நீட்டிக் காட்டுவார்கள். ஜோப்ராவிலிருந்து மேப்பிளும் பைனும் பிர்ச்சும் நிறைந்த காடு, பக்கத்தில் ஓடை, நடக்கச் சுகமான வழி. ஆட்டு மந்தையோடு கத்தி (Gaddi) என்கிற மலைச்சமூகத்து இடையர்கள் எதிரே வந்தார்கள், இந்தக் கணவாயை அவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள், நாம் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள், ஒதுங்கி வழிவிட வேண்டும். மூட்டைகளைக் கோவேறு கழுதைகள் சுமந்தன. கைடு முப்பது வயதுக்குள் இருக்கிற உள்ளூர்க்காரர், இந்தி தெரியாத எங்களோடு கையையும் கண்ணையும் வைத்தே பேசிச் சமாளித்தார். எவ்வளவு தூரம் என்று எப்போது கேட்டாலும் "பஸ் தஸ் மினிட்" என்பார். அந்தப் பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரம்.

சாயங்காலமும் காலையும் விரலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு காட்டுகிற ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்குப் பாலு கா கேராவில் ராத்திரி தலைவலியும் குமட்டலும். காலையில் அவரை மேலே கூட்டிப்போக மறுத்துவிட்டார், உதவியாளர் ஒருவரோடு கீழே ஜோப்ராவுக்கு அனுப்பி, சுரங்கம் வழியாக ஜீப்பில் சத்ரூவுக்கு வரவழைத்தார். அதற்குக் கூடுதல் பணம் கேட்கவில்லை. இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பாதியில் இறங்க நேர்ந்தால் வண்டிச் செலவு யார் தலையில் என்பது முக்கியமான கேள்வி.

கணவாய் நாள் நீளம். எட்டு ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போனது ஜூலைத் தொடக்கம், மேல் பாதியில் பனி இன்னும் கிடந்தது. கைடு முன்னால் போய் பூட்ஸின் விளிம்பால் பனியில் இரண்டு மூன்று முறை உதைத்து ஒரு படி, அடுத்து ஒரு படி என்று வெட்டிக்கொண்டே போவார், நாம் அதே குழியில் கால் வைக்க வேண்டும். பூட்ஸின் அடியில் மாட்டுகிற முள் வைத்த மைக்ரோ ஸ்பைக் கொடுத்தார்கள், என் இடது கால் ரப்பர் தளர்ந்துபோய் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழன்றது. இந்த மாதிரிச் சாமானில் கடை இன்னும் கவனம் வைக்க வேண்டும். பைக்குக்குக் காட்டிய அக்கறையில் பாதிகூட நடைச் சாமானுக்குக் காட்டவில்லை, ஸ்லீப்பிங் பேக்கில் ஒன்றுக்கு ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது, யாருக்கு வாய்த்திருந்தாலும் 3,900 மீட்டரில் அது சின்ன விஷயம் இல்லை.

மேலே போய் நின்றால் ஒரு பக்கம் இந்திராசன், 6,221 மீட்டர், அதன் தோளில் தேவ் திப்பா, 6,001. நல்ல வேளையாக அரை மணி நேரம் மேகம் விலகிக் கொடுத்தது. ஆனால் நான் அதிக நேரம் பார்த்தது சிகரத்தை இல்லை, கீழே. குல்லு பக்கத்திலிருந்து மேகம் புல்வெளி வழியாக ஏறிவந்து கணவாயின் வாசலில் நின்றுவிடுகிறது. இந்தப் பக்கம் லாஹௌல், நீல வானம், பழுப்புக் கல், ஒரு மரம் கிடையாது. பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழையைத் தடுத்து நிறுத்துவதைப் புத்தகத்தில் படித்திருக்கலாம். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு தாண்டியதும் ஊரே வேறு பச்சைக்கு மாறுமே, அதையே திருப்பிப் போட்டு, மாற்றத்தை ஒரு பத்தடிக்குள் அடக்கினால் இதுதான். சுரங்கத்தில் போகிறவருக்கும் இந்த மாற்றம் கிடைக்கும், இந்த வாயில் பச்சை, அந்த வாயில் பழுப்பு. என்ன, நடுவில் நடப்பதைப் பார்க்க முடியாது. மரம் குட்டையாகிப் புதராகி, புதர் புல்லாகி, புல் பாறையோடு ஒட்டிய பாசியாகிற அந்த இரண்டரை நாளைக்குத்தான் நடைக்காரர் காசு கொடுக்கிறார்.

இறக்கம் முழங்காலைத் தின்னும். கைத்தடி இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், கடை ஒன்றுதான் தரும்.

சியாகோருவில் மறுநாள் காலை ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். பனி உருகி வருகிற தண்ணீர், அதனால் காலையில் குறைவு, மதியத்துக்குமேல் பெருகும், எனவே டீ குடித்ததும் முதல் வேலை இதுதான். வெறுங்காலில் இறங்கக் கூடாது, வார் வைத்த செருப்பு வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். கைகோத்து வரிசையாக இறங்கினோம். முதல் நாலைந்து அடி பாதம் எரிகிறது, பிறகு கால் இருப்பதே தெரியவில்லை, கீழே உருளுகிற கல்லை உள்ளங்கால் உணராததால் கண்ணால் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. கரையேறியபிறகு உணர்வு திரும்பும்போதுதான் நிஜமான வலி.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. ராஜ்மா, பருப்பு, சப்பாத்தி, சூப், ஒரு நாள் பக்கோடாகூட. அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாது, இவர்கள் பெரிய குக்கரைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள், அதனால் சாதம் சாதமாக இருந்தது. நான் கொண்டுபோன பருப்புப்பொடியைச் சமையல்காரர் ஒரு கை ருசி பார்த்துவிட்டு டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். கேட்டுக்கொண்டா போவது, அடுத்த தடவை இரண்டு டப்பா.

இனி குறை. சத்ரூவில் பைக் காலை பத்து மணிக்கு வந்து நிற்கும் என்றார்கள், ஒரு மணிக்கு வந்தது. கோக்சரைத் தாண்டி எங்கோ சாலை அகலப்படுத்துகிற வேலையில் மறித்துவிட்டார்களாம், இருக்கலாம், ஆனால் மூன்று மணி நேரத் தாமதம் இந்தச் சாலையில் வெறும் தாமதம் இல்லை. சத்ரூவுக்கும் பத்தலுக்கும் இடையில் சுமார் 30 கிலோமீட்டரில் ஓடைகள் சாலையின் மேலேயே ஓடுகின்றன, காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு இருக்கிற ஓடை மூன்று மணிக்கு முழங்காலைத் தொடும். "இப்போது போகாதீர்கள்" என்று பையனே சொன்னான். அன்று சத்ரூவிலேயே தாபாவின் தகரக் கொட்டகையில் படுத்தோம், தங்கும் செலவைக் கடை பிறகு கழித்துக்கொண்டது, சண்டை போட வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது, டேங்க் நிறைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பாதிக்குமேல் கொஞ்சம்தான் இருந்தது. வழியில் பெட்ரோல் கிடையாது, அடுத்த பம்ப் காஸாவில், சத்ரூவிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர், சந்திரதால் போய்வந்தால் இன்னும் 25 சேரும். கணக்குப் போட்டால் போதும்தான், என்றாலும் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது இன்பமில்லை. சத்ரூவைத் தாண்டினால் லோசர்வரை போன் சிக்னலும் எதிர்பார்க்காதீர்கள்.

பத்தல் சாலையைச் சாலை என்று சொல்வது பழக்கதோஷம். கல், மணல், கல், தண்ணீர், கல். ஓடை வந்தால் ஒருவர் இறங்கி நடந்து ஆழம் பார்ப்பது, மற்றவர் முதல் கியரில் ஒரே சீராக ஆக்சிலரேட்டரைப் பிடித்து, நடுவில் நிறுத்தாமல் போய்விடுவது. தண்ணீர் புகாத ரப்பர் கம்பூட் கடையே தருகிறது, கேட்டு வாங்குங்கள். ஆணி ஏறிய இடத்தில் எதிரே வந்த டிப்பர் டிரைவர் ஒருவர் நிறுத்தி, எங்கள் காற்றடிக்கும் பம்ப்பின் மீட்டர் வேலை செய்யாததைப் பார்த்துவிட்டுத் தன் கட்டை விரலால் டயரை அழுத்தி, "போதும்" என்றார். காஸாவில் அளந்தபோது சரியாகவே இருந்தது.

பத்தலில் சாச்சா சாச்சி கடை என்று எல்லோரும் அழைக்கிற தாபாவில் சாதமும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுச் சந்திரதால். ஏரி, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2005-லேயே சேர்ந்தது, கரையில் டென்ட் போடத் தடை, கூடாரங்கள் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. வண்டியையும் ஏரிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் நிறுத்திவிட வேண்டும். நல்ல விதி.

குன்ஸும் ஏறத்தாழ 4,550 மீட்டர், ஹம்தாவைவிட உயரம். ஆனால் ஏறுவதற்கு அரை மணிதான் ஆயிற்று. மேலே குன்ஸும் தேவி கோயில், கொடித் தோரணங்கள், போகிற வருகிற வண்டிகள் எல்லாம் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகின்றன, நாங்களும் சுற்றினோம். தெளிவாக இருந்தால் படா ஷிக்ரி பனியாறு தெரியும். நடந்து வந்த கணவாயோடு ஒப்பிட்டால் இங்கே எனக்கு உடம்பில் எதுவும் நடக்கவில்லை, அது உண்மை. வந்தோம், இறங்கினோம், படம் எடுத்தோம். நடைக்காரர்கள் சிலர் இதைச் சொல்லி பைக்கை மட்டம் தட்டுவார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. குன்ஸுமைத் தாண்டி லோசர்வரை இறங்கி, ஸ்பிதி ஆற்றின் கூடவே காஸாவரை போகிற அந்த நீளத்தை நடந்து யாரும் பார்க்கப் போவதில்லை. ஒரு பள்ளத்தாக்கு முடிந்து அடுத்தது, மண்ணின் நிறம் பழுப்பிலிருந்து ஊதாவுக்கும் சாம்பலுக்கும் மாறுவது, பட்டாணி வயல் திடீரென்று ஒரு பச்சைத் துண்டாக வருவது, இதையெல்லாம் பார்க்க மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் சரியாக இருக்கிறது. சிச்சம் பாலம், கீ மடாலயம், ஹிக்கிம் தபால் நிலையம் எல்லாம் காஸாவிலிருந்து ஒரே நாளில் பார்க்கலாம், அவற்றைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

திரும்பும்போது ஒன்று செய்தேன், அதைப் பரிந்துரைக்கிறேன். குன்ஸும் மேலிருந்து சந்திரதாலுக்கு மலைச்சரிவை ஒட்டியே ஒரு பழைய ஒற்றையடிப் பாதை போகிறது, எட்டு ஒன்பது கிலோமீட்டர், பெரிய ஏற்றம் கிடையாது. நண்பன் பைக்கில் சுற்றி வந்தான், நான் அன்று லோசரில் பிடித்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு நடந்தேன். வழியெல்லாம் சந்திரா ஆறு கீழே, எதிரே வெள்ளைச் சிகரங்கள், எங்களைத் தவிர ஓர் ஆள் இல்லை. ஏரி கடைசிவரை கண்ணில் படாமல் இருந்துவிட்டு ஒரு மேட்டைத் தாண்டியதும் முழுதாகக் கீழே கிடக்கும். கடை இதை ஏற்பாட்டில் சேர்க்கவில்லை, சேர்க்கலாம்.

மணாலியில் வண்டியை ஒப்படைத்தபோது டெபாசிட்டில் ஒரு ட்யூப் விலையும் கைப்பிடி முனை தேய்ந்ததற்குச் சின்னத் தொகையும் கழித்தார், மீதியை அங்கேயே போனில் அனுப்பிவிட்டார். மழைக்கோட்டு பற்றிப் புகார் சொன்னேன், அக்குளில் கிழிந்திருந்தது, சிரித்துக்கொண்டே "அது எல்லோரும் சொல்கிறார்கள்" என்றார். சொந்த மழைக்கோட்டு கொண்டுபோங்கள்.

யாருக்கு இது ஒத்துவராது என்றால், மொத்தமே ஐந்து நாள்தான் லீவு என்பவர்களுக்கு. 2023 ஜூலையில் பனியும் மண்சரிவுமாகச் சாலை அடைத்துக்கொண்டு சந்திரதாலில் சுமார் 300 பேர் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டு மீட்கப்பட்டது ஞாபகம் இருக்கும். கையில் இரண்டு நாளாவது உபரி இல்லாமல் இந்தப் பக்கம் டிக்கெட் போடாதீர்கள். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை போகலாம், ஓடைகளில் தண்ணீர் குறைந்த செப்டம்பர் பைக்குக்கு நல்லது, பனிமேல் நடக்க ஆசையென்றால் ஜூன் கடைசி. இன்சூரன்ஸ் எடுத்தால் எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும் என்று படித்துப் பாருங்கள், சில பாலிசிகள் 4,000-க்கு மேல் கையை விரித்துவிடும். மலைநோய் மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இதே வண்டியில் அப்படியே லடாக்கின் லே போய் கர்துங்லா கணவாயும் பாங்காங் ஏரியும் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். வெளியூர் வாடகை வண்டியை லேயில் உள்ளூர்ச் சுற்றுக்கு விடமாட்டார்கள், நடுவழியில் மடக்குவார்கள். லேக்குப் போய் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.